மலை ஏறிப் பாட யார் யாருக்குப் பணம் தருவது?

இரண்டு பெண்களைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இருவருக்கும் வயது இருபத்தைந்து. இருவரும் சொப்ரானோ, அதாவது பெண் குரல்களில் மேல் ஸ்தாயி பாடுபவர்கள். இருவரும் அமெரிக்காவில் இசையில் முதுகலை முடித்தவர்கள், இருவர் தலையிலும் கல்விக் கடன். ஜூன் மாதம் இருவரும் பெட்டியைக் கட்டிக்கொண்டு மலை ஏறுகிறார்கள். சுமார் எட்டு வாரம் ஓபரா பயிற்சி. ஆகஸ்டில் இறங்கி வரும்போது ஒருத்தியின் வங்கிக் கணக்கில் கொஞ்சம் பணம் சேர்ந்திருக்கிறது. இன்னொருத்தியின் கிரெடிட் கார்டில் பல ஆயிரம் டாலர் கடன் சேர்ந்திருக்கிறது. ஆனால் இருவரின் பயோடேட்டாவிலும் புதிதாக ஏறியிருப்பது ஒரே மாதிரி ஒரு வரிதான்: 'கோடைக்கால இளம் கலைஞர் பயிற்சி'.

காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இது உறுத்த வேண்டும். பணம் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தாலே யார் வாடிக்கையாளர், யார் ஊழியர் என்று சொல்லிவிடலாம் இல்லையா? இங்கே ஒரே பெயரில் இரண்டு வியாபாரம் நடக்கிறது. அந்த வித்தியாசத்தை மறைத்து வைப்பதில்தான் கோளாறு.

ஓபரா பற்றி அதிகம் தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன முன்னுரை. கதை முழுவதும் பாட்டாகவே நடக்கும் நாடகம். மைக் கிடையாது. அறுபது எழுபது வாத்தியங்கள் முழங்கும் ஆர்க்கெஸ்ட்ராவைத் தாண்டி, கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவர் காதுக்கு வெறும் குரல் போய்ச் சேர வேண்டும். இத்தாலியன், ஜெர்மன், பிரெஞ்சு என்று தன் தாய்மொழி அல்லாத மொழிகளில் பாட வேண்டும். குரல் பக்குவமாவதும் மெதுவாகத்தான். கனமான வேடங்களுக்கான குரல் பலருக்கு முப்பது வயதுக்கு மேல்தான் கூடி வருகிறது. மற்ற துறைகளில் இருபத்திரண்டு வயதில் படிப்பு முடிந்து வேலை தேடுகிறார்கள் என்றால், இங்கே முப்பதை நெருங்கும் வரை 'இளம் கலைஞர்'தான். அந்த இடைவெளியை எதைக் கொண்டு நிரப்புவது? அதற்குத்தான் கோடைக்காலப் பயிற்சிகள்.

அது சரி, ஏன் மலை? பெரிய ஓபரா அரங்குகள் பெரும்பாலும் இலையுதிர் காலத்தில் சீசனைத் தொடங்கி வசந்தத்தோடு முடித்துக்கொள்ளும். கோடையில் பாடகர்கள் சும்மா இருப்பார்கள், ஆசிரியர்களுக்கும் விடுமுறை. காசுள்ள ரசிகர்கள் வெயிலுக்குப் பயந்து குளிர்ந்த ஊர்களுக்குப் போய்விடுவார்கள். ரசிகர்கள் போன இடத்துக்கே கலையும் போனது, அவ்வளவுதான். கொலராடோ மாநிலத்தில் சென்ட்ரல் சிட்டி என்று தங்கச் சுரங்கத் தொழிலாளர்கள் உருவாக்கிய ஊர் ஒன்று உண்டு. அங்கே 1878-ல் ஓபரா அரங்கு கட்டினார்கள். சுரங்கம் ஓய்ந்து பாழாய்க் கிடந்த அரங்கு 1932-ல் மறுபடி திறக்கப்பட்டு, கோடை விழாவாக இன்றும் நடக்கிறது. அதே மாநிலத்தில் வெள்ளிச் சுரங்க ஊரான ஆஸ்பென் 1949-ல் கவிஞர் கதேயின் இருநூறாவது பிறந்த ஆண்டைக் கொண்டாடப் போய், இசை விழாவும் இசைப் பள்ளியுமாக நிலைத்துவிட்டது. வட கரோலினாவின் ப்ளூ ரிட்ஜ் மலைகளில் ப்ரெவர்ட் இருக்கிறது. ஸ்விஸ் ஆல்ப்ஸில் வெர்பியே 1994-ல் தொடங்கியது. மலை, கோடை, இளம் குரல் என்ற கூட்டணி இப்படிப் பல இடங்களில் வேரூன்றிவிட்டது.

(இடையில் ஒரு துணுக்கு. சென்ட்ரல் சிட்டியில் 1956-ல் முதன்முதலாக அரங்கேறிய 'தி பாலட் ஆஃப் பேபி டோ' என்ற ஓபராவின் கதையே வெள்ளி விலை சரிந்து ஒரு கோடீஸ்வரர் தெருவுக்கு வந்த உண்மைக் கதைதான். நாணயக் கொள்கையை வைத்து ஓபரா எழுதியிருக்கிறார்கள். பொருளாதாரம் போரடிக்கிறது என்பவர்கள் கவனிக்க! :-) )

இப்போது முதல் பெண்ணின் கதை. அவள் போவது நியூ மெக்ஸிகோ மாநிலத்தின் சாண்டா ஃபே ஓபராவுக்கு என்று வைத்துக்கொள்வோம். இதை நிறுவியவர் ஜான் கிராஸ்பி. சிறு வயதில் உடல்நலம் கருதி நியூயார்க்கிலிருந்து நியூ மெக்ஸிகோவின் உலர்ந்த காற்றுக்கு அனுப்பப்பட்டவர். பெரியவராகி இசை நடத்துனரான பிறகு, அந்த ஊருக்கு வெளியே ஒரு குன்றின்மேல் கூரை முழுதாக இல்லாத 480 இருக்கை அரங்கு ஒன்றைப் பெற்றோர் தந்த பணத்தின் உதவியோடு கட்டினார். 1957 ஜூலை 3-ம் தேதி 'மதாம் பட்டர்ஃபிளை'யோடு முதல் சீசன் தொடங்கியது. இன்றைய அரங்கு 1998-ல் திறந்தது. இரண்டாயிரத்துக்கு மேல் இருக்கைகள். பக்கச் சுவர்கள் இன்னும் கிடையாது. மேடைக்குப் பின்னால் மலையும் அந்தி வானமும் தெரியும்.

கிராஸ்பி அந்த முதல் சீசனிலேயே ஒரு காரியம் செய்தார். இளம் பாடகர்களை அப்ரண்டிஸ்களாக எடுத்துக்கொண்டார். அன்றைக்கு அமெரிக்கப் பாடகர் ஒருவர் மேடை அனுபவம் பெற வேண்டுமென்றால் ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏற வேண்டும். உள்ளூரில் படிப்புக்கும் தொழிலுக்கும் நடுவே படிக்கட்டே இல்லை. கிராஸ்பி செய்தது தர்மம் மட்டும் அல்ல. அவருக்குக் கோரஸில் பாட ஆள் வேண்டும், சின்ன வேடங்களுக்கு ஆள் வேண்டும், முதன்மைப் பாடகருக்குத் தொண்டை கட்டினால் அந்த இடத்தில் ஏற ஒரு மாற்றுப் பாடகர் வேண்டும். இளைஞர்களுக்கோ பெரிய கலைஞர்கள் ஒத்திகை பார்ப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். கொடுக்கல் வாங்கல் வெளிப்படையாக இருந்தது. ஓபரா உனக்குச் சம்பளமும் பயிற்சியும் தரும், நீ ஓபராவுக்கு உழைப்பைத் தா.

அந்த ஏற்பாடு இன்றும் தொடர்கிறது. ஆண்டுதோறும் ஆயிரத்துக்கு மேல் விண்ணப்பங்கள் வருகின்றன, சுமார் நாற்பது பேரை எடுக்கிறார்கள், வாரச் சம்பளம் உண்டு. ஷெரில் மில்ன்ஸ், சாமுவேல் ராமி போன்றவர்கள் இப்படி வந்தவர்கள். இன்று உலகப் புகழ் பெற்ற மெஸோ சொப்ரானோ ஜாய்ஸ் டிடோனாட்டோ 1995-ல் இங்கே அப்ரண்டிஸ். சி.ஏ. படிப்பவர்களின் ஆர்ட்டிகிள்ஷிப்பை நினைத்துக்கொண்டால் இது சுலபமாகப் புரியும். ஸ்டைபெண்ட் சொற்பமாக இருக்கலாம், வேலை முதுகை ஒடிக்கலாம், ஆனால் பணம் நிறுவனத்திடமிருந்து மாணவனுக்குத்தான் வருகிறது.

மலை என்பதால் உடம்புக்கும் ஒரு செலவு உண்டு. சாண்டா ஃபே ஏறக்குறைய 7,000 அடி உயரம், சென்ட்ரல் சிட்டி சுமார் 8,500 அடி. கடல் மட்டத்தோடு ஒப்பிட்டால் காற்றழுத்தம் சுமார் நான்கில் ஒரு பங்கு குறைவு. ஒரு மூச்சில் பாடி முடித்துப் பழகிய நீண்ட வரி பாதியிலேயே காலை வாரும். காற்று வேறு வறண்டது. குரல்நாண்கள் ஈரமாக இருந்தால்தான் ஒழுங்காக அதிரும் என்பதால் நாள் முழுக்கத் தண்ணீர் பாட்டிலும் கையுமாக அலைய வேண்டும். போன முதல் வாரம் பலருக்கும் தலைவலியோடுதான் கழியும். விளம்பரப் படங்களில் பைன் மரங்கள் மட்டும்தான் தெரியும்.

இனி இரண்டாவது பெண். அவள் சேர்ந்திருப்பது கட்டணம் வாங்கும் திட்டம். பயிற்சிக் கட்டணம், அறை வாடகை, சாப்பாடு, விமான டிக்கெட் என்று எல்லாம் அவள் கையிலிருந்து. பாடகர்களுக்குள் இதற்கு வைத்திருக்கும் பெயர் 'பே டு சிங்', காசு கொடுத்துப் பாடு. சொல்லும்போதே உதட்டைச் சுழிப்பார்கள். ஆனாலும் விண்ணப்பிப்பார்கள். வேறு வழி?

ஏன் வேறு வழியில்லை என்பது சப்ளை, டிமாண்ட் விவகாரம். ஓபரா படிக்க வருபவர்களில் சொப்ரானோக்கள் மிக அதிகம், நல்ல டெனர்கள் மிகக் குறைவு. டெனர் என்பது ஆண் குரலில் மேல் ஸ்தாயி, பெரும்பாலும் கதாநாயகன். ஓபராக்களிலோ பொதுவாக ஆண் வேடங்கள்தான் அதிகம். வெர்டியின் 'ஒதெல்லோ'வில் பெயருள்ள பெண் வேடங்கள் இரண்டே இரண்டு. ஆக, கட்டணம் கட்டத் தயாராகப் பெண்கள் வரிசையில் நிற்க, வேடம் காலியாக இருப்பதோ ஆண்களுக்கு. இதன் விளைவு என்ன? டெனருக்கு உதவித்தொகை தந்து அழைத்துக்கொள்வார்கள், சொப்ரானோவிடம் முழுக் கட்டணம் வாங்குவார்கள். ஒரே மேடை, ஒரே காதல் பாட்டு. காதலன் இலவசமாக வந்தவன், காதலி கடன் வாங்கி வந்தவள். விலை நிர்ணயத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எந்தப் பாடப் புத்தகத்திலும் கிடைக்காது.

சுவாரஸ்யமான பகுதி இதற்குப் பிறகுதான் வருகிறது. எந்த ஓபராவைப் போடுவது என்பதையே இந்தக் கணக்கு தீர்மானிக்கத் தொடங்குகிறது. கட்டணத் திட்டங்களின் பட்டியலில் சில பெயர்கள் திரும்பத் திரும்பத் தலைகாட்டும். புச்சினியின் 'சுவோர் ஆஞ்செலிகா' (1918), கன்னிமாடத்தில் நடக்கும் கதை, எல்லாமே பெண் குரல்கள். பூலாங்கின் 'கார்மலைட்டுகளின் உரையாடல்' (1957), அதுவும் கன்னிமாடம், முக்கிய வேடங்கள் பெண்களுக்கு. ஹம்பர்டிங்கின் 'ஹான்சலும் கிரெட்டலும்', அதில் ஹான்சல் என்ற பையனைப் பாடுவதும் ஒரு பெண்தான். மொசார்ட்டின் 'மாயப் புல்லாங்குழல்' இருக்கவே இருக்கிறது. பமினா, இரவு ராணி, பப்பகேனா, மூன்று சீமாட்டிகள், பல தயாரிப்புகளில் பெண்களே பாடும் மூன்று சிறுவர்கள். மொத்தம் ஒன்பது. இரண்டு குழுவாகப் பிரித்து மாற்றி மாற்றி மேடையேற்றினால் பதினெட்டுப் பெண்களுக்கு வேடம். பதினெட்டுக் கட்டணம்! இவை மட்டமான ஓபராக்கள் அல்ல, எல்லாம் அருமையான படைப்புகள். மாணவிகளுக்கு வேடம் கிடைப்பதும் நல்லதுதான். ஆனால் அவளுடைய குரலுக்கு இப்போது எந்த வேடம் பொருந்தும் என்பதற்குப் பதில், எத்தனை பேரை எந்த ஓபராவில் அடக்கலாம் என்ற கேள்வி முதலில் வந்துவிட்டால் அங்கே பாடகி மாணவி அல்ல, இருக்கை.

மறுபக்க நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். ஓபராவை மலிவாக நடத்த முடியாது. வில்லியம் பாமோல், வில்லியம் பவன் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 1966-ல் எழுதிய புத்தகத்தின் சாரம் இது: தொழிற்சாலையில் இயந்திரம் வந்து உற்பத்தித் திறன் ஏறுகிறது, அதோடு எல்லாருடைய சம்பளமும் ஏறுகிறது. ஆனால் நான்கு பேர் வாசிக்கும் ஒரு இசையை மூன்று பேரை வைத்துப் பாதி நேரத்தில் வாசித்து முடிக்க முடியாது. திறன் ஏறாது, செலவு மட்டும் ஏறும். நிகழ்கலைகளின் பற்றாக்குறை நிர்வாகக் கோளாறால் வருவதல்ல, அந்தத் தொழிலின் பிறவிக் குணம். டிக்கெட் பணம் போதாது, நன்கொடை வேண்டும். நன்கொடையாளர்கள் இல்லாத சின்னத் திட்டம் என்ன செய்யும்? பாடம் சொல்பவருக்கும் பியானோ வாசிப்பவருக்கும் சம்பளம் கொடுக்க மாணவரிடம்தான் கேட்க முடியும்.

ஆஸ்பென் போன்றவற்றை இந்தக் குற்றச்சாட்டில் சேர்ப்பதும் சரியல்ல. அது தன்னைப் பள்ளி என்றுதான் சொல்லிக்கொள்கிறது. பள்ளி கட்டணம் வாங்கும், முடிந்த அளவு உதவித்தொகை தரும். மாணவியாக அங்கே படித்த ரெனே ஃப்ளெமிங், நடத்துனர் பாட்ரிக் சம்மர்ஸோடு சேர்ந்து அதன் ஓபராப் பிரிவுக்குத் தலைமை ஏற்கும் அறிவிப்பு 2019-ல் வந்தது. அப்படிப்பட்ட ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வரியைத் திருத்துவதற்கு என்ன விலை போடுவது? சென்ட்ரல் சிட்டி ஓபரா வேறு ஒரு விதத்தில் புத்திசாலி. அந்த ஊரின் பழைய வீடுகள் பலவற்றைத் தன் சொத்தாக வைத்துக்கொண்டு கலைஞர்களை அங்கே தங்க வைக்கிறது. மலை வாசஸ்தலங்களில் வாடகைதான் எமன். அதைச் சொத்தாக மாற்றிக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

ஆகவே கட்டணம் வாங்குவது தப்பு என்பது வாதமல்ல. தப்பு எங்கே தொடங்குகிறது என்றால், ஒரே ஆளிடம் கட்டணமும் வாங்கிக்கொண்டு, அவருடைய உழைப்பை வெளியே டிக்கெட் போட்டு விற்று, அதற்குப் 'பயிற்சி' என்று பெயரும் வைக்கும்போது. மாணவி கோரஸில் பாடுகிறாள், உடைகளுக்கு இஸ்திரி போடுகிறாள், மேடைத் தட்டுகளை நகர்த்துகிறாள், இடைவேளையில் நன்கொடையாளர்களோடு சிரித்துப் பேசுகிறாள். இதில் எது பாடம், எது வேலை?

அமெரிக்கச் சட்டத்துக்கும் இந்தக் கேள்வி புதிதல்ல. 'பிளாக் ஸ்வான்' திரைப்படத் தயாரிப்பில் சம்பளமில்லாமல் வேலை பார்த்த பயிற்சியாளர்கள் வழக்குப் போட்டார்கள். (அது பாலே நடனக்காரியைப் பற்றிய படம் என்பது காலத்தின் குறும்பு.) 2015-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு அளவுகோல் சொன்னது: இந்த ஏற்பாட்டில் முதன்மையாகப் பயனடைவது பயிற்சியாளரா, நிறுவனமா? 2018 ஜனவரியில் அந்நாட்டுத் தொழிலாளர் துறையும் அதையே ஏற்றுக்கொண்டது. லாப நோக்குள்ள நிறுவனங்களுக்கான அளவுகோல் அது, ஓபரா அமைப்புகள் பெரும்பாலும் லாப நோக்கற்றவை என்பதால் நேரடியாகப் பொருந்தாமல் போகலாம். ஆனால் கேள்வியைக் கடன் வாங்கிக்கொள்ள யாரும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

இதில் உண்மையில் பறிபோவது என்ன என்று பார்த்தால், ஒரு பெண்ணின் சேமிப்பு மட்டும் அல்ல. கட்டணத்துக்கு முன்பே செலவு தொடங்கிவிடுகிறது. இலையுதிர் காலத்தில் குரல் தேர்வுகள். ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் சில பத்து டாலர்கள், தேர்வாகாவிட்டாலும் திரும்ப வராது. பதிவு அனுப்ப வேண்டும் என்றால் ஸ்டூடியோ செலவு, பியானோக்காரருக்குக் கூலி. நேரில் அழைத்தால் நியூயார்க்குக்கு டிக்கெட், தங்க இடம். பத்துப் பதினைந்து இடங்களுக்குப் போட்டால்தான் ஒன்றாவது தேறும் என்பதால் எல்லாவற்றையும் பத்தால் பெருக்கிக்கொள்ளுங்கள். கோடை முழுவதும் உணவகத்தில் வேலை பார்த்தால்தான் அடுத்த வருட வாடகை கட்ட முடியும் என்கிற பெண் மலை ஏறுவதே இல்லை. அவள் பயோடேட்டாவில் அந்த வரி இருக்காது. அடுத்த சுற்றுத் தேர்வில் நடுவர் காகிதத்தைப் பார்க்கிறார். "அனுபவம் போதாது". அவள் குரல் எப்படிப்பட்டது என்று யாருமே கேட்காமல் போய்விடுகிறது. பத்து வருடம் கழித்து, ஓபரா பணக்காரர்களின் கலையாகவே இருக்கிறதே என்று கருத்தரங்கம் போட்டு வருத்தப்படுவார்கள்.

தீர்வு கேட்டால் காமர்ஸ் மாணவர்களுக்குத் தெரிந்த ஒன்றே ஒன்றைச் சொல்லலாம்: கணக்கைக் காட்டு. ஒரு கம்பெனி பொதுமக்களிடம் பங்குப் பணம் கேட்டால் ப்ராஸ்பெக்டஸ் தர வேண்டும், அபாயங்களை அச்சடிக்க வேண்டும். இருபத்தைந்து வயதுப் பெண்ணிடம் பல ஆயிரம் டாலர் கேட்கும் திட்டம் ஒரு பக்கக் காகிதமாவது தரட்டுமே. எத்தனை பேர் சேர்ந்தார்கள், அதில் எத்தனை பேர் முழுக் கட்டணம் கட்டினார்கள். ஆண், பெண் பிரித்துக் காட்டட்டும். தலைப்பு வேடம் யாருக்குப் போனது, முழுக் கட்டணம் கட்டியவருக்கா, உதவித்தொகை பெற்றவருக்கா. குரல் தேர்வுக்கு முன்பே எந்தெந்த வேடங்கள் நிரம்பிவிட்டன. சொப்ரானோ இடம் ஒன்றுதான் காலி என்றால் நூற்றுக்கணக்கான சொப்ரானோக்களிடம் விண்ணப்பப் பணம் வாங்குவதற்கு என்ன பெயர்? ஐந்து வருடத்துக்கு முன்பு வந்தவர்களில் இன்றைக்கு எத்தனை பேர் பாடிச் சம்பாதிக்கிறார்கள். மேலே வந்த ஒருவரின் பெயரை எல்லாரும் விளம்பரத்தில் போடுகிறார்கள். மீதிப் பேர் எங்கே என்பது எந்த விளம்பரத்திலும் இல்லை.

இதைச் செய்ய நன்கொடையாளர் தேவையில்லை, சட்டமும் தேவையில்லை. ஒரு எக்செல் ஷீட் போதும். நல்ல திட்டங்களுக்கு இதனால் நஷ்டமே இல்லை, சொல்லப்போனால் அவர்களுக்கு இதுதான் சிறந்த விளம்பரம். காட்ட மறுப்பவர்கள் யார் என்று தெரிந்துகொள்வதும் ஒரு தகவல்தானே.

அதுவரைக்கும் விண்ணப்பிக்கிறவர்களே கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். குரல் தேர்வு முடிந்ததும் மேஜைக்குப் பின்னால் இருப்பவர்கள், "எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?" என்று வழக்கமாகக் கேட்பார்கள். பெரும்பாலோர் புன்னகைத்துவிட்டு நன்றி சொல்லி வெளியேறிவிடுவார்கள். அடுத்த முறை யாராவது ஒரு சொப்ரானோ நின்று, "உங்கள் டெனர் எவ்வளவு கட்டணம் கட்டுகிறார்?" என்று கேட்டுப் பார்க்கலாம்.